இரைச்சலைக் கற்றவர்

அமெரிக்க இயற்பியலாளர் ரெய்னர் வெய்ஸ் 2025 ஆகஸ்ட் 25 அன்று தமது 92ஆம் வயதில் காலமானார். செய்தியை வாசித்த அன்று மாலையே, முதுகலை மாணவர்களுக்கு நான் பல ஆண்டுகளாகப் படியெடுத்துக் கொடுத்து வரும் அவருடைய 1972ஆம் ஆண்டு அறிக்கையை அலமாரியிலிருந்து எடுத்து மீண்டும் ஒருமுறை முழுவதும் வாசித்தேன். ஆய்வகப் பயிற்சி நடத்தும் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அந்த அறிக்கையின் மீது தனிப் பற்று உண்டு. மாணவர்கள் தங்கள் ஏடுகளில் விடையைப் பெரிதாக எழுதிவிட்டுப் பிழைக் கணக்கைக் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிகளில் முடித்துவிடுவார்கள். வெய்ஸின் அறிக்கையிலோ கருவியைப் பற்றிய விவரிப்பு சுருக்கமாகவும், அக்கருவியைக் கெடுக்கக்கூடியவை பற்றிய கணக்கு விரிவாகவும் இருக்கும். வெளியையே நீட்டியும் குறுக்கியும் பரவும் ஈர்ப்பு அலைகளைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் என்றே உலகம் அவரை அறிந்திருக்கிறது. அறுபது ஆண்டுக்கால ஆராய்ச்சி வாழ்க்கையைத் தொடர்ந்து படித்தால், அவர் உண்மையில் ஆராய்ந்தது இரைச்சலை, அதாவது அளக்க வேண்டியதை மறைத்துவிடும் தொல்லைகளை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆராய்ச்சி அவர் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே தொடங்கிவிட்டது. 1932 செப்டம்பர் 29 அன்று பெர்லினில் பிறந்தவர் அவர். தந்தை யூத மருத்துவர், பொதுவுடைமைக் கொள்கையில் ஈடுபாடு உள்ளவர். தாய் நாடக நடிகை. நாஜிகளின் பிடியிலிருந்து தப்பிய குடும்பம் முதலில் பிராக் நகருக்கும், 1938ஆம் ஆண்டு மியூனிக் உடன்பாட்டுக்குப் பிறகு அங்கும் இருக்க முடியாமல் நியூயார்க்குக்கும் இடம்பெயர்ந்தது. போர் முடிந்தபின் இராணுவத்துக்குத் தேவைப்படாத மின்னணு உதிரிபாகங்கள் நியூயார்க் கடைத்தெருக்களில் மலிவாகக் குவிந்தன. அவற்றை வாங்கி ஒலிபெருக்கிக் கருவிகளைத் தாமே செய்து, இசை ஆர்வம் கொண்ட தெரிந்தவர்களுக்கு அமைத்துக் கொடுத்தார் இளைஞர் வெய்ஸ். அக்காலத்து ஷெல்லாக் இசைத்தட்டுகளில் முள் உராயும்போது ஓயாத ஒரு சீறல் எழும். இசை உரத்து ஒலிக்கும்போது அது அடங்கிப்போகும். பியானோ மென்மையாக இழையும் இடத்தில் அதுவே மேலெழுந்து காதை நிறைத்துவிடும். அந்தச் சீறலை மட்டும் பிரித்து எடுத்து இசையை அப்படியே விட்டுவைக்கும் மின்சுற்று ஒன்றைச் செய்ய முயன்ற அவருக்கு, அதற்கு வேண்டிய கணிதம் தம்மிடம் இல்லை என்பது விளங்கியது. அதைக் கற்பதற்காகவே 1950இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார்; பிறகு இயற்பியலுக்கு மாறினார்.

படிப்பு நேராகச் செல்லவில்லை. பியானோ வாசிக்கும் ஒரு பெண்ணின் மீது கொண்ட காதலால் வகுப்புகளை விட்டுவிட்டு அவரைத் தேடிச் சென்றார். காதலும் நிலைக்கவில்லை, தேர்வுகளிலும் தோற்றார். கல்லூரியிலிருந்து விலக்கப்பட்ட நிலையில் திரும்பி வந்தவர், போர்க்காலத்தில் மரப்பலகையால் அவசரமாகக் கட்டப்பட்டு இடிக்கப்படாமலே நின்றிருந்த இருபதாம் எண் கட்டடத்துக்குள் வேலை கேட்டு நுழைந்தார். அங்கே ஜெரால்ட் ஸக்காரியாஸ் என்ற இயற்பியலாளரின் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பட்டம் இல்லாத ஓர் இளைஞனின் கைத்திறனை மட்டும் பார்த்து இடம் கொடுத்த அந்த ஆய்வகத்தை நான் நன்றியோடு நினைப்பதுண்டு. அது இல்லாவிட்டால் இக்கதையில் எழுத எதுவும் இருந்திருக்காது.

ஸக்காரியாஸ் அப்போது சீசியம் அணுக்கடிகாரத்தை மேம்படுத்திக்கொண்டிருந்தார். கடிகாரம் ஒன்றை ஆல்ப்ஸ் மலையின் உயரத்திலும் இன்னொன்றைப் பள்ளத்தாக்கிலும் வைத்து, ஈர்ப்பு வலுவாக உள்ள இடத்தில் காலம் மெதுவாக ஓடும் என்ற ஐன்ஸ்டீனின் கூற்றைச் சோதிக்க வேண்டும் என்பது அவர் கனவு. அதற்குத் தேவையான துல்லியத்தைப் பெற, சீசியம் அணுக்களை நீரூற்றைப் போல மேல்நோக்கி எறிந்து, அவை மெல்ல ஏறித் திரும்பி விழும் நேரம் முழுவதும் அவற்றை அளக்கலாம் என்று ஓர் உயரமான கருவியைக் கட்டினார்கள். அது வேலை செய்யவில்லை. கற்றையில் மிக மெதுவாகச் செல்லும் அணுக்களே அவர்களுக்கு வேண்டியிருந்தன. பின்னால் வந்த வேகமான அணுக்கள் அவற்றை மோதிச் சிதறடித்துவிட்டன. லேசர் கொண்டு அணுக்களைக் குளிர்விக்கும் முறை வந்த பிறகே அணு நீரூற்றுக் கடிகாரம் பலித்தது. ஆனால் தோல்வியுற்ற அந்தக் கருவியின் அருகில் நின்றபோதுதான் வெய்ஸுக்குத் துல்லிய அளவீட்டின் மீதும் ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலின் மீதும் ஒரே சமயத்தில் ஈடுபாடு உண்டானது. பின்னர் படிப்பை முடித்து, 1962இல் ஸக்காரியாஸிடமே முனைவர் பட்டம் பெற்றார். பிரின்ஸ்டனில் ராபர்ட் டிக்கியின் குழுவில் ஈர்ப்புச் சோதனைகளைப் பழகினார். 1964இல் ஆசிரியராக எம்.ஐ.டி.க்குத் திரும்பினார்.

அறுபதுகளின் பிற்பகுதியில் பொதுச் சார்பியல் பாடம் நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. சோதனை இயற்பியலாளரான அவருக்கு அதன் கணிதத்தில் போதிய பழக்கம் இல்லை. மாணவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகத் தாம் கற்றுக்கொண்டு வகுப்புக்குப் போனதாக அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ஜோசப் வெபர், கனத்த அலுமினிய உருளைகளை மணிகளைப் போல அதிரவைக்கும் ஈர்ப்பு அலைகளைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. மாணவர்கள் அதைப் பற்றிக் கேட்டார்கள். உருளைக்கும் அலைக்கும் இடையே நடப்பதைத் தமக்கே தெளிவாக விளக்கிக்கொள்ள முடியாத வெய்ஸ், எளிய கணக்கு ஒன்றை வீட்டுப்பாடமாக வகுத்தார். வெற்றுவெளியில் தடையின்றி மிதக்கும் பொருள்களை நிறுத்தி, அவற்றுக்கிடையே ஒளியை அனுப்பி, அது போய்வரும் நேரத்தை அளந்தால் போதும். அலை கடக்கும்போது அந்த நேரம் மாறும். இந்த எண்ணம் பிறருக்கும் தோன்றியிருந்தது. சோவியத் நாட்டின் கெர்ட்சென்ஷ்டைனும் புஸ்தவோய்தும் 1962இலேயே இத்தகைய கருவியை எழுத்தில் முன்மொழிந்திருந்தார்கள். வெபரின் பழைய மாணவர் ராபர்ட் ஃபார்வர்ட் சிறிய கருவி ஒன்றைக் கட்டியும் பார்த்தார். 1969இல் வெபர் தாம் அலைகளைக் கண்டுவிட்டதாக அறிவித்து, வேறு எவராலும் அதை மீண்டும் காண முடியாமல் போனபோது, வகுப்புப் பயிற்சியாக இருந்த கணக்கை வெய்ஸ் கருவியாகவே எண்ணத் தொடங்கினார். ஒரு கோடைக்காலம் முழுவதும் இருபதாம் எண் கட்டடத்தின் சிறிய அறையில் அமர்ந்து, இது நடக்குமா என்று கணக்கிட்டார்.

அக்கணக்கின் விளைவே 1972 ஏப்ரலில் எம்.ஐ.டி. மின்னணுவியல் ஆய்வகத்தின் காலாண்டு அறிக்கையில் வெளிவந்தது. கருவியைக் கட்டாமல் வெறும் எண்ணத்தை ஆய்விதழில் வெளியிடுவது முறையன்று என்று கருதியதால், எந்த ஆய்விதழுக்கும் அதை அவர் அனுப்பவில்லை. ஈர்ப்பு அலை கடக்கும்போது ஒரு திசையில் நீளம் கூடும், அதற்குச் செங்குத்தான திசையில் குறையும். ஆகவே ‘ட’ வடிவில் அமைந்த இரண்டு கைகளில் லேசர் ஒளியைப் பிரித்து அனுப்பி, கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும் இரு கற்றைகளையும் மீண்டும் சேர்த்தால், நீள வேறுபாடு ஒளியின் பிரகாச மாற்றமாகத் தெரியும். இவ்வளவுதான் கருவி. இதன் பிறகு வெய்ஸ் ஒவ்வொன்றாக எதிரிகளை அழைத்து நிறுத்துகிறார். லேசரின் வலிமை ஏறி இறங்கும், அதன் அலைவெண் நழுவும், கண்ணாடியையும் அதைத் தாங்கும் கம்பியையும் உள்வெப்பம் நடுங்கவைக்கும், நிலம் எப்போதும் அதிரும், விண்கதிர்கள் தாக்கும், மின்புலமும் காந்தப்புலமும் இழுக்கும், குழாயில் எஞ்சிய வாயு வெப்ப வேறுபாட்டால் தள்ளும். ஒளியே ஒரு தொல்லை. தகரக் கூரையில் விழும் மழைத்துளிகளைப் போல ஒளித்துகள்கள் சீரின்றி வந்து விழுவதால் அளவீடு தடுமாறும். அதைச் சரிக்கட்ட லேசரை வலுவாக்கினால், அதே துகள்கள் கண்ணாடியை முட்டித் தள்ளும் தடுமாற்றம் பெருகும். எல்லாவற்றிலும் என்னை வியக்கவைப்பது ஈர்ப்பு இரைச்சல் பற்றிய பகுதி. காற்றின் அடர்த்தி மாறினாலோ நிலத்தில் அதிர்வலை ஓடினாலோ அங்குள்ள நிறை இடம் மாறுகிறது. அந்த நிறை கண்ணாடியை நேரடியாக ஈர்ப்பால் இழுக்கிறது. நில அதிர்வை ஊசலால் தடுக்கலாம், மின்புலத்தை உலோகக் கூட்டால் தடுக்கலாம், ஈர்ப்புக்குத் திரை போட வழியே இல்லை. ஒவ்வொன்றின் அளவையும் அவர் எண்களால் கணித்து, கைகள் போதிய நீளமாக இருந்தால் இவை அனைத்துக்கும் மேலாக அலை தலைகாட்டும் என்று முடித்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் இத்துறையினர் போராடுவது பெரும்பாலும் அதே பட்டியலில் உள்ளவற்றோடுதான்.

அடுத்த பல ஆண்டுகள் வறட்சியானவை. இராணுவ நிதியை அடிப்படை ஆராய்ச்சிக்குச் செலவிடக் கூடாது என்ற விதி வந்ததால், கைகள் ஒன்றரை மீட்டரே நீளமுள்ள அவருடைய முன்மாதிரிக் கருவிக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது. ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம் மதிப்பீட்டுக்காக மியூனிக்கில் இருந்த ஜெர்மானியக் குழுவிடம் போய்ச் சேர, அவர்கள் அதில் உற்சாகமடைந்து தங்கள் கருவியை அவருக்கு முன்பே சிறப்பாகக் கட்டிவிட்டார்கள். முடிவு தராத வேலையில் முனைவர் பட்டத்துக்கு மாணவர்களைச் சேர்ப்பது கடினமாக இருந்தது. இக்காலத்தில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறொரு துறை. பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சை உயரப் பறக்கும் பலூன்களில் அனுப்பிய கருவிகளால் அளந்து, அது ஏறத்தாழ 2.7 கெல்வின் வெப்பநிலைக்குரிய வடிவில் இருப்பதைக் காட்டும் அளவீடுகளைத் தம் குழுவினருடன் அவர் செய்தார். பின்னர் இதே கதிர்வீச்சை அளக்க 1989 நவம்பரில் ஏவப்பட்ட கோபே செயற்கைக்கோளின் அறிவியல் குழுவுக்குத் தலைமை வகித்தார். அதன் கண்டுபிடிப்புகளுக்காக ஜான் மேத்தரும் ஜார்ஜ் ஸ்மூட்டும் 2006இல் நோபல் பரிசு பெற்றனர். ஒருவருடைய வாழ்நாளுக்கு இதுவே போதுமானது. இருந்தும், ஒன்றரை மீட்டர்க் கருவியை அவர் கைவிடவில்லை.

1975இல் வாஷிங்டனில் நடந்த ஒரு குழுக் கூட்டத்துக்கு கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கின் கோட்பாட்டு இயற்பியலாளர் கிப் தோர்னை வெய்ஸ் அழைத்திருந்தார். விடுதியில் அறை கிடைக்காததால் இருவரும் ஒரே அறையில் தங்கி விடியும்வரை பேசினார்கள். ஒளியால் ஈர்ப்பு அலையை அளக்கும் முறை பெரிதாகப் பயன்தராது என்று அதற்கு முன் எழுதியிருந்த தோர்ன், அதன்பின் மனம் மாறினார். அவர் முயற்சியால் கிளாஸ்கோவிலிருந்து ரொனால்ட் ட்ரெவர் கால்டெக்குக்கு வந்து, நாற்பது மீட்டர்க் கருவியைக் கட்டினார். வெய்ஸோ சிறிய கருவிகளை மேலும் மேலும் கட்டிக்கொண்டிருப்பதில் பொருளில்லை, கிலோமீட்டர்க் கணக்கில் நீளம் இருந்தால்தான் அலை தெரியும் என்று வாதிட்டார். பீட்டர் சால்சன், பால் லின்சே ஆகியோருடன் சேர்ந்து, தொழில் நிறுவனங்களின் செலவுக் கணிப்போடு விரிவான திட்ட அறிக்கையை 1983இல் அறக்கட்டளைக்கு அளித்தார். நீல அட்டையிட்ட அந்த அறிக்கையிலிருந்து, லேசர் ஒளியால் ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ ஆய்வகம் பிறந்தது. வெய்ஸ், தோர்ன், ட்ரெவர் மூவரும் சேர்ந்து நடத்திய நிர்வாகம் இணக்கமாக அமையவில்லை. எதிர்பார்த்த அலை எதுவும் வராமல் போகலாம் என்று வானியலாளர்கள் பலர் எதிர்த்தார்கள். அந்தப் பூசல்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. எனக்கு அதில் ஆர்வம் குறைவு. 1994இல் பேரி பேரிஷ் பொறுப்பேற்ற பின்னரே வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டிலும் லூசியானாவின் லிவிங்ஸ்டனிலும் கட்டுமானம் உறுதியான பாதையில் சென்றது என்பதைச் சொன்னால் போதும்.

கட்டுமானத்தில் வெய்ஸ் தம் கையில் எடுத்துக்கொண்டது குழாய்களை. வெற்றிடம் சரியில்லை என்றால் லேசரும் கண்ணாடியும் எவ்வளவு சிறந்தவையாக இருந்தாலும் பயனில்லை. ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர் நீளம், குழாயின் குறுக்களவு 1.2 மீட்டர், பூமியின் வளைவையே கணக்கில் எடுத்துக்கொண்டு நேர்கோட்டில் அமைக்க வேண்டிய அளவுக்கு அவை நீளமானவை. உள்ளே காற்று வளிமண்டல அழுத்தத்தில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு இருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக்குள் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் ஆண்டுக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், குழாயாக உருட்டுவதற்கு முன்பே எஃகைச் சூடேற்றி ஹைட்ரஜனை விரட்டினார்கள். குழாய்களை அமைத்து முடித்தபின் அவற்றின் வழியாகவே ஏறத்தாழ 2000 ஆம்பியர் மின்சாரத்தைச் செலுத்தி, சுவரில் ஒட்டியிருந்த நீராவி அகலும்வரை வாரக்கணக்கில் சூடாக வைத்திருந்தார்கள். கிலோமீட்டர்க் கணக்கில் நீண்ட பற்றவைப்புகளில் காற்றுக் கசியாதபடி பார்த்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகப் பணியிலிருந்து 2001இல் ஓய்வு பெற்ற பிறகும், குழாய்களை மூடியிருக்கும் காங்கிரீட் கூட்டுக்குள் நுழைந்து நடந்து கசிவுகளைத் தேடுவதை அவர் நிறுத்தவில்லை. எண்பது வயதை நெருங்கும் ஒருவர் இருட்டில் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பற்றவைப்பைச் சோதிக்கும் காட்சிதான் எனக்கு அவருடைய முழு உருவம்.

2002 முதல் 2010 வரை இயங்கிய முதல் தலைமுறைக் கருவிகள் ஓர் அலையையும் காணவில்லை. லிவிங்ஸ்டனைச் சுற்றியுள்ள பைன் காடுகளில் பகலில் மரம் வெட்டும் வேலை நடக்கும்போது கருவியை நிலையாகப் பிடித்து நிறுத்தவே முடியவில்லை. நிலத்தின் அதிர்வை உணர்ந்து எதிர்த்திசையில் அசையும் தாங்கிகளைப் பொருத்திய பிறகே பகலிலும் அளக்க முடிந்தது. 2010 செப்டம்பரில் வந்த ஒரு தெளிவான குறியீட்டை அறிவியலாளர்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்து, ஆய்வுக்கட்டுரையையும் எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில், உண்மையைச் சொல்லும் மூடிய உறையைப் பிரித்தபோது, தங்கள் எச்சரிக்கையைச் சோதிப்பதற்காகத் தங்களுக்குள்ளேயே சிலர் இரகசியமாகப் புகுத்திய போலிக் குறியீடு அது என்று தெரிந்தது. இரைச்சலை அலையென்று நம்பி ஏமாறாதிருக்க இவ்வளவு கடுமையாகத் தன்னைத்தானே சோதித்துக்கொண்ட கூட்டம் வேறு எதையும் நான் அறியேன். அதன்பின் கருவிகள் ஏறக்குறைய முழுவதுமாக மாற்றப்பட்டன: 40 கிலோ எடையுள்ள சிலிக்காக் கண்ணாடிகள், அவற்றைத் தாங்க அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள சிலிக்கா இழைகள், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும் நான்கு ஊசல்கள்.

2015 செப்டம்பரில் புதிய கருவிகள் முறையான தேடலைத் தொடங்கவிருந்தன. சில நாள்கள் முன்பு லிவிங்ஸ்டனில் இருந்த வெய்ஸ், வானொலி அலைவெண்ணில் ஓர் இரைச்சல் கருவிக்குள் நுழைவதைக் கண்டு, தேடலைத் தள்ளிவைத்து அதைச் சரிசெய்யலாம் என்று விரும்பினார். மற்றவர்கள் இணங்கவில்லை. அவர் மெய்ன் மாநிலத்துக்குக் குடும்பத்தோடு விடுமுறைக்குச் சென்றார். செப்டம்பர் 14 அன்று, உலகப் பொது நேரம் 9 மணி 50 நிமிடத்தில், லிவிங்ஸ்டனிலும் ஏறத்தாழ 7 மில்லி வினாடி கழித்து ஹான்ஃபோர்டிலும் ஒரே வடிவிலான அதிர்வு பதிந்தது. ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் 35 ஹெர்ட்சிலிருந்து 250 ஹெர்ட்சுக்கு ஏறி அடங்கிய அதிர்வு. 36 சூரிய நிறையும் 29 சூரிய நிறையும் கொண்ட இரண்டு கருந்துளைகள், சுமார் 130 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒன்றையொன்று சுற்றி மோதி ஒன்றாகியிருந்தன. மூன்று சூரிய நிறைக்குச் சமமான ஆற்றல் அலையாக வெளியேறியிருந்தது. 4 கிலோமீட்டர்க் கையில் அது உண்டாக்கிய மாற்றம் புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்குதான். தேடலைத் தள்ளிவைக்க விரும்பியதை வெய்ஸ் பின்னர் பலமுறை வெளிப்படையாகச் சொன்னார். அந்தத் தயக்கத்தை நான் அவருடைய பிழையாகக் கருதவில்லை. இரைச்சலைக் கண்டும் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் அவரிடம் இருந்திருந்தால், அந்த அதிர்வைக் கேட்கும் கருவியே உருவாகியிருக்காது.

2016 பிப்ரவரி 11 அன்று கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் அந்தக் கட்டுரையில் இருந்தது. 2017ஆம் ஆண்டு நோபல் பரிசின் பாதி வெய்ஸுக்கும், மறுபாதி தோர்னுக்கும் பேரிஷுக்கும் கிடைத்தது. ட்ரெவர் அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே இறந்துவிட்டார். மேடையில் அவருக்குரிய இடம் வெறுமையாக இருந்ததை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

வெய்ஸ் இறந்து இரண்டு வாரம் கழித்து, 2025 செப்டம்பர் 10 அன்று, லைகோ குழுவினர் அவ்வாண்டு ஜனவரி 14 அன்று பதிவான ஓர் அலையைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் அலையை உண்டாக்கியவற்றைப் போலவே சூரியனைவிட முப்பது மடங்குக்கும் சற்று அதிகமான நிறையுள்ள இரண்டு கருந்துளைகள், ஏறக்குறைய அதே தொலைவில் மோதியிருந்தன. வந்த அதிர்வும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் 2015இல் இரைச்சலைப் போல 24 மடங்கு உயர்ந்து தெரிந்த குறியீடு, இப்போது 80 மடங்கு உயர்ந்து தெரிந்தது. மோதி உருவான கருந்துளை மணியைப் போல அதிர்ந்து அடங்கும் ஓசையைத் தனித்தனிச் சுரங்களாகப் பிரித்துப் பார்க்கவும், கருந்துளையின் பரப்பு ஒருபோதும் குறையாது என்று 1971இல் ஸ்டீபன் ஹாக்கிங் கூறியதைச் சரிபார்க்கவும் அந்தத் தெளிவு போதுமானதாக இருந்தது. அடுத்த பருவ மாணவர்களுக்கு 1972ஆம் ஆண்டு அறிக்கையோடு இந்த இரண்டு அலைகளின் வரைபடங்களையும் அருகருகே வைத்துக் கொடுக்கப் படியெடுத்து வைத்திருக்கிறேன்.